வீடு வாங்குமுன் மின்கட்டணச் சீட்டையும் கேளுங்கள்

வீட்டுக் கடன் கோரி எங்கள் கிளைகளுக்கு வருவோரின் கையில் தடித்த கோப்பு ஒன்று இருக்கும். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், அனுமதி பெற்ற வரைபடம், சொத்து வரி ரசீது, வழக்கறிஞரின் கருத்துரை என எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். வாசல் எத்திசை நோக்கியுள்ளது, ஆழ்துளைக் கிணற்றில் எத்தனை அடியில் நீர் கிடைக்கிறது, பள்ளிக்கூடம் எவ்வளவு தொலைவு என்பவற்றையும் அவர்கள் விசாரித்து வைத்திருப்பார்கள். ஆனால் அதே வீட்டிற்குக் கடந்த மே மாதம் மின்கட்டணம் எவ்வளவு வந்தது என்று கேட்டால் பெரும்பாலோரிடம் விடை இருப்பதில்லை. 'குடியேறியதும் தெரிந்துவிடும்' என்பார்கள். தெரியத்தான் போகிறது. கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட்ட பிறகு தெரிவதால் என்ன பயன்?

மாதத் தவணையைப் போலவே மின்கட்டணமும் வீட்டோடு ஒட்டிவரும் கடமை. தவணை இருபது ஆண்டுகளில் முடிந்துவிடும், மின்கட்டணம் முடிவதில்லை. தவணைத் தொகையைக் கடன் வழங்கும்போதே கணக்கிட்டுச் சொல்லிவிடுகிறோம். மின்கட்டணத்தை எவரும் கணக்கிட்டுச் சொல்வதில்லை. வீடு வாங்கும்போதும் விற்கும்போதும் இதைக் குறித்து நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது, எந்த இடத்தில் பேசாமல் இருந்துவிடுகிறது, அந்த இடத்தில் வாடிக்கையாளர் தாமே என்ன செய்துகொள்ளலாம் என்பதை இங்கு எழுதுகிறோம்.

நாகபுரியில் எங்கள் வாடிக்கையாளர் குடும்பம் ஒன்றின் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறோம். கணவன், மனைவி இருவரும் ஆசிரியர்கள். உடன் கணவரின் வயதான தாயார். ஒரே குடியிருப்பு வளாகத்தில், ஒரே அமைப்பும் ஒரே பரப்பும் கொண்ட இரண்டு வீடுகள் விலைக்கு வந்தன. ஒன்று மூன்றாம் தளத்தில் இருந்தது. மற்றொன்று உச்சித் தளத்தில், மேற்கு பார்த்த படுக்கையறைகளுடன் இருந்தது. உச்சித் தளத்து வீட்டின் விலை 2 லட்சம் ரூபாய் குறைவு. அதையே வாங்கினார்கள். 2 லட்சம் ரூபாய் குறைவாகக் கடன் வாங்கியதால், ஆண்டுக்கு 8.5 சதவீத வட்டியில், 20 ஆண்டுத் தவணையில், மாதம் 1,736 ரூபாய் அவர்களுக்கு மிச்சம்.

முதல் கோடை வந்தது. நாகபுரியில் மே மாதத்து வெயில் 45 பாகையைத் தொடுவது புதிதன்று. பகல் முழுவதும் காய்ந்த கான்கிரீட் தளம் இரவு பத்து மணிக்கும் வெப்பத்தைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. மேற்குப் பக்கத்து அறையில் படுத்திருந்த தாயாரால் உறங்க முடியவில்லை. குளிர்சாதனக் கருவி விடியும்வரை ஓடியது. மூன்றாம் தளத்து வீட்டுக்காரருடன் சீட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஏப்ரல் முதல் ஜூன் வரை மாதந்தோறும் சுமார் 4,500 ரூபாயும், மற்ற மாதங்களில் சுமார் 800 ரூபாயும் கூடுதலாகச் செலுத்தியிருப்பது தெரிந்தது. ஆண்டுக்கு 20,700 ரூபாய். மாதச் சராசரி 1,725 ரூபாய். விலையில் மிச்சப்பட்டதாக நினைத்த தொகை ஏறக்குறைய அப்படியே மின்வாரியத்திற்குப் போய்க்கொண்டிருந்தது. மின்கட்டண விகிதமோ ஏறிக்கொண்டே போகும். தாயாரின் உறக்கம் இந்தக் கணக்கில் சேரவில்லை. தவணைக் காலத்தை நீட்டித்துத் தர முடியுமா என்று கேட்டு அவர்கள் கிளைக்கு வந்தபோதுதான் இவை யாவும் எங்களுக்குத் தெரியவந்தன. பத்திரத்தில் எந்தக் குறையும் இல்லை, கட்டடம் விதிப்படிதான் எழும்பியிருந்தது.

சட்டம் எதுவரை வந்திருக்கிறது

இங்கிலாந்தில் வீட்டை விற்பவரோ வாடகைக்கு விடுபவரோ 'ஏ' முதல் 'ஜி' வரை தரம் குறித்த ஆற்றல் சான்றிதழ் ஒன்றைப் பெற்று வைத்திருக்க வேண்டும். அது பத்தாண்டுகளுக்குச் செல்லும். நம் நாட்டில் பழைய வீடு ஒன்றை மறுவிற்பனை செய்வதற்கு அத்தகைய சான்றிதழ் எதுவும் கட்டாயமில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் எவரும் அதைக் கேட்கப் போவதில்லை. இங்கே விதிகள் விற்பனையைத் தொடவில்லை, கட்டுமானத்தைத் தொடுகின்றன. ஆகவே புது வீடு வாங்குபவருக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. பழைய வீடு வாங்குபவர் தம் கண்ணையும் காதையும் நம்ப வேண்டியவர்.

எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன்கீழ் 2002 மார்ச் 1 அன்று எரிசக்தி திறன் செயலகம் அமைந்தது. குளிர்பதனப் பெட்டிகளில் நாம் காணும் நட்சத்திர வில்லை இந்தச் செயலகத்தின் வேலை. 2007-இல் வணிகக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு வெளியாயிற்று. அலுவலகங்கள், விடுதிகள், மருத்துவமனைகள் போன்றவற்றுக்கே அது பொருந்தியது. நாம் குடியிருக்கும் வீடுகள் விடுபட்டே இருந்தன.

வீடுகளுக்கென ஒரு விதித்தொகுப்பு வர மேலும் பதினோரு ஆண்டுகள் ஆயின. 2018 டிசம்பர் 14 அன்று, தேசிய எரிசக்தி சேமிப்பு நாளில், 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற பெயரில் அது வெளியிடப்பட்டது. இந்திய–சுவிஸ் கூட்டுத் திட்டம் ஒன்றின் உதவியுடன் உருவாக்கப்பட்ட இத்தொகுப்பின் முதற்பகுதி சுவர், சாளரம், கூரை ஆகிய வெளிக்கூட்டைப் பற்றிப் பேசுகிறது. 2021-இல் வந்த அடுத்த பகுதி மின் சாதனங்களையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலையும் சேர்த்துக்கொண்டது. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனையில் எழும் குடியிருப்புகளை மனத்தில் கொண்டு முதற்பகுதி எழுதப்பட்டது. அதாவது ஏறக்குறைய 5,380 சதுர அடி. தமிழகத்துக் கணக்கில் இரண்டேகால் கிரவுண்ட்.

எனினும் தொகுப்பு வெளியாவது வேறு, கட்டாயமாவது வேறு. கட்டட அனுமதி மாநில அரசும் உள்ளாட்சி அமைப்பும் தொடர்புடைய பொருள். மாநிலம் தன் தட்பவெப்பத்திற்கேற்ப மாற்றங்கள் செய்து அறிவிக்கை வெளியிட்டு, உள்ளூர்க் கட்டட விதிகளில் அதைச் சேர்த்த பின்னரே அது கட்டுநரைக் கட்டுப்படுத்தும். 2022-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, குடியிருப்புக் கட்டடங்கள் முதன்முறையாகச் சட்டத்தின் வரையறைக்குள் வந்தன. 100 கிலோவாட் இணைப்புச் சுமை அல்லது 120 கிலோவோல்ட் ஆம்பியர் ஒப்பந்தத் தேவை உள்ள கட்டடங்களுக்கு அது பொருந்தும். சாதாரணத் தனி வீடு இந்த அளவை எட்டாது, பெரிய அடுக்ககங்கள் எட்டும். வரம்பைக் குறைத்துக்கொள்ளும் உரிமையை மாநிலங்களுக்குச் சட்டம் கொடுத்திருக்கிறது.

சில மாநிலங்கள் தமக்கென்று தனி வழியும் கண்டிருக்கின்றன. தெலங்கானா 2023 ஏப்ரலில் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அரசுக் கட்டடங்கள், வணிகக் கட்டடங்கள் ஆகியவற்றோடு 600 சதுர கஜத்துக்குக் குறையாத மனைகளில் எழும் வீடுகளுக்கும் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் கூரையை அது கட்டாயமாக்கியது. ஐதராபாத்தில் பெரிய மனையில் வீடு வாங்கும் நம் வாடிக்கையாளர் இதைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும். ஆகவே 'இந்தத் திட்டத்திற்கு எரிசக்தி விதித்தொகுப்பு பொருந்துமா? பொருந்துமெனில் இணக்கச் சான்று எங்கே?' என்பதே புது வீடு வாங்குவோர் கட்டுநரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி. 'பசுமைக் குடியிருப்பு' என்று விளம்பரப் பலகையில் எழுதியிருப்பது இதற்கு விடையாகாது. பலகையில் இரண்டு மரங்களையும் ஒரு பறவையையும் வரைய எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

சுவரும் சாளரமும் கூரையும்

விதித்தொகுப்பில் உள்ள அளவுகள் பொறியாளர்களுக்காக எழுதப்பட்டவை. ஆனால் அவற்றின் உட்பொருளைப் புரிந்துகொண்டால், விதி பொருந்தாத பழைய வீட்டைப் பார்வையிடும்போதும் அவை பயன்படும். அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

கூரை தவிர்த்த வெளிச்சுவர், சாளரம் ஆகியவற்றின் வழியே வீட்டிற்குள் புகும் வெப்பம் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக்கூடாது என்பது முதல் விதி. குளிர்ப் பிரதேசங்கள் நீங்கலாக நாட்டின் எல்லாப் பகுதிகளுக்கும் இது பொருந்தும். இந்த வெப்பம் மூன்று வழிகளில் வருகிறது. சுவர் சூடாகி உள்ளே கடத்துவது ஒன்று. கண்ணாடி சூடாகிக் கடத்துவது மற்றொன்று. வெயில் கண்ணாடியை ஊடுருவி நேரே அறைக்குள் விழுவது மூன்றாவது. மூன்றாவதுதான் பொல்லாதது. அடுக்ககங்களில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி பதித்து, அதையே சிறப்பாகச் சொல்லி விற்கிறார்கள். குளிர் நாட்டில் அது வரம். மேற்கு பார்த்த சுவரில், நம் வெயிலில், அது அடுப்பு. சாளரத்தின் மேலே நீண்ட வெயில் தடுப்பு உள்ளதா, வெளிப்புறம் நிழல் விழுகிறதா என்று பாருங்கள். திரைச்சீலை இதற்கு மாற்றாகாது. வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த பிறகே திரை அதைச் சந்திக்கிறது.

சுவர் எதனால் கட்டப்பட்டது என்பதும் முக்கியம். வார்ப்புக் கான்கிரீட் சுவர்கள் விரைவாக எழும்புகின்றன, உறுதியும் மிக்கவை. ஆனால் காற்றறைகள் கொண்ட இலகு கான்கிரீட் கற்களைவிட அவை பல மடங்கு வெப்பத்தைக் கடத்துகின்றன. செங்கல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. விற்பனைப் பிரதிநிதியிடம் 'வெளிச்சுவர் எந்தப் பொருளால் ஆனது, எத்தனை அங்குலம்?' என்று கேளுங்கள். சமையலறைக் கற்பலகை எந்த ஊரிலிருந்து வந்தது என்பதை அவர் மூச்சுவிடாமல் சொல்வார். இந்தக் கேள்விக்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளக்கூடும்.

திறக்கக்கூடிய சாளரத்தின் பரப்புக்கும் விதி உண்டு. சென்னை, மும்பை, கொல்கத்தா போன்ற வெப்பமும் ஈரமும் மிக்க ஊர்களில் அது தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்கவேண்டும். தில்லி, நாகபுரி போன்ற கலப்புத் தட்பவெப்ப ஊர்களில் எட்டில் ஒரு பங்கு. அகமதாபாத், ஜோத்பூர் போன்ற வறண்ட ஊர்களில் பத்தில் ஒரு பங்கு. இங்கே ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது. இரண்டு கதவுகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும் சாளரத்தில் எப்போதும் பாதிதான் திறக்கும். ஆகவே விதித்தொகுப்பு அதன் பரப்பில் 50 சதவீதத்தையே கணக்கில் கொள்கிறது. வெளிப்புறமாக விரியத் திறக்கும் பழைய பாணிச் சாளரத்திற்கோ 90 சதவீதம் கணக்கில் சேர்கிறது. காற்று நன்றாக வரும் வீட்டில் ஆண்டில் பல மாதங்கள் குளிர்சாதனக் கருவியின் நினைவே வராது.

கூரைக்குத் தனி அளவு உண்டு. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு பாகை வெப்ப வேறுபாடு இருக்கும்போது சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் கூரை கடத்தக்கூடாது. காப்பு ஏதுமில்லாத வெறும் கான்கிரீட் தளம் இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலாகக் கடத்தும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, மேலே தட்டோடு பதிக்கும் பழைய முறையை நம்மில் பலர் சொந்த ஊரில் பார்த்திருப்போம். மழைநீருக்காக மட்டும் செய்யப்பட்ட ஏற்பாடன்று அது. இன்று வெப்பக்காப்புப் பலகை பதித்தும், வெள்ளை ஓட்டுத்துண்டுகள் பதித்தும், வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்பூச்சு பூசியும் அதே பயனைப் பெறுகிறார்கள். வெண்பூச்சில் தூசு படிந்தால் பயன் குறையும் என்பதால் அவ்வப்போது கழுவவும், சில ஆண்டுகளுக்கொருமுறை மீண்டும் பூசவும் வேண்டும்.

வீட்டைப் பார்வையிட எந்த நேரத்தில் செல்வது? தரகர்கள் காலை பத்து மணிக்கு அழைத்துச் செல்வதை விரும்புவார்கள். காலையில் எந்த வீடும் இனிமையாகத்தான் இருக்கும். கோடையில் மாலை ஆறு மணிக்கு மேல் மீண்டும் ஒருமுறை சென்று, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் நில்லுங்கள். மேற்குச் சுவரின் உட்புறத்தில் கைவைத்துப் பாருங்கள். உச்சித் தளமாயின் உச்சந்தலைக்கே செய்தி வந்துவிடும். கான்கிரீட் பகலில் வாங்கிய வெப்பத்தைச் சில மணி நேரம் கழித்தே கீழே விடுகிறது என்பதால், நண்பகலில் பார்ப்பதைவிட இது நல்ல சோதனை.

நட்சத்திரம் பெற்ற வீடுகள்

2019 பிப்ரவரியில் எரிசக்தி திறன் செயலகம் வீடுகளுக்கும் நட்சத்திரக் குறியீடு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டொன்றுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகும் என்பதை மதிப்பிட்டு, 1 முதல் 5 நட்சத்திரங்கள் வரை கொடுக்கிறார்கள். இது விருப்பத்தின்பேரில் பெறப்படுவது, கட்டாயமன்று. பரவலாக வழக்கத்திற்கு வரவுமில்லை. இதைத் தவிர கிரிஹா, இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் ஆகியவற்றின் தரச்சான்றுகளும் உள்ளன. அவை நீர், கழிவு, கட்டுமானப் பொருள்கள் ஆகியவற்றையும் சேர்த்து மதிப்பிடுபவை. எனவே அச்சான்று பெற்ற வளாகத்தில் எல்லா வீட்டிற்கும் மின்கட்டணம் குறைவாகவே வரும் என்று முடிவுகட்ட வேண்டாம். சான்றிதழ் வடிவமைப்புக் கட்டத்தில் பெறப்பட்டதா, கட்டி முடித்த பிறகு பெறப்பட்டதா என்பதையும் கேட்டறியுங்கள். சில வங்கிகள் இத்தகைய வீடுகளுக்கு வட்டியில் சிறு சலுகை தருகின்றன. சலுகை இருந்தால் நல்லது. ஆனால் அதற்காகவே வீட்டைத் தேர்ந்தெடுப்பது, கொசுறுக்காகக் காய்கறி வாங்குவதைப் போன்றது.

கையில் இருக்கும் சட்டங்கள்

எரிசக்தி விதிகள் பேசாத இடத்தில் பழைய, பொதுவான சட்டங்கள் துணைக்கு வருகின்றன. இவற்றை வாங்குவோர் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது எங்கள் கருத்து.

புது வீடு என்றால், 2016-ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. அனுமதி பெற்ற வரைபடங்களையும் கட்டுமான விவரங்களையும் பெறும் உரிமையை அதன் 19-ஆம் பிரிவு ஒதுக்கீட்டாளருக்கு அளிக்கிறது. விளம்பரத்திலோ விவரக் கையேட்டிலோ உள்ள பொய்யான செய்தியை நம்பிப் பணம் செலுத்தி இழப்புற்றவருக்கு 12-ஆம் பிரிவு இழப்பீடு பெற வழி செய்கிறது. வேலைத்தரத்திலோ கட்டமைப்பிலோ உள்ள குறையை வீடு ஒப்படைக்கப்பட்ட ஐந்தாண்டுகளுக்குள் எடுத்துக்காட்டினால், 30 நாள்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தரவேண்டும் என்கிறது 14-ஆம் பிரிவு. ஆகவே 'கூரையில் வெப்பக்காப்பு உண்டு', 'சாளரங்களில் வெப்பம் தடுக்கும் கண்ணாடி' என்றெல்லாம் வாய்மொழியாகச் சொல்லப்பட்டால், அதை விற்பனை ஒப்பந்தத்தின் விவர அட்டவணையில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத்தில் இருந்தால்தான் இப்பிரிவுகள் உங்களுக்கு வலிமை சேர்க்கும். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையிலோ, எட்டு வீடுகளுக்கு மேற்படாமலோ அமையும் சிறு திட்டங்களுக்குப் பதிவிலிருந்து விலக்குண்டு. அங்கே ஒப்பந்தமே எல்லாம்.

பழைய வீட்டிற்கு 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 55-ஆம் பிரிவு இரண்டு கடமைகளை விற்பவர்மீது சுமத்துகிறது. தமக்குத் தெரிந்ததும், வாங்குபவர் சாதாரணக் கவனத்துடன் கண்டறிய முடியாததுமான முக்கியக் குறையை அவர் வெளிப்படுத்த வேண்டும். சொத்தைப் பற்றி வாங்குபவர் கேட்கும் பொருத்தமான கேள்விகளுக்குத் தாம் அறிந்தவரையில் விடை சொல்லவும் வேண்டும். உச்சித் தளம் சூடாக இருக்கும் என்பது கண்டறிய முடியாத குறை என்று எந்த வழக்கறிஞரும் வாதாட முன்வரமாட்டார். எனவே முதற்கடமை நமக்குப் பெரிதாக உதவாது. இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது. கடந்த 12 மாதங்களின் மின்கட்டண விவரத்தைக் கேட்பது பொருத்தமான கேள்வி. ஆனால் கேட்க வேண்டியவர் வாங்குபவர். கேளாத கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பைச் சட்டம் எவர்மீதும் சுமத்தவில்லை.

சீட்டு கிடைத்ததும் தொகையை மட்டும் பார்த்து நிறுத்திவிட வேண்டாம். யூனிட் எண்ணிக்கையைப் பாருங்கள். கோடை மாதங்களையும் குளிர் மாதங்களையும் ஒப்பிட்டால், குளிரூட்டலுக்கு மட்டும் எவ்வளவு செலவாகிறது என்பது தெரிந்துவிடும். அங்கு எத்தனை பேர் வசித்தார்கள், பகலில் வீடு பூட்டியிருந்ததா, எத்தனை குளிர்சாதனக் கருவிகள் என்பவற்றையும் விசாரியுங்கள். ஆறு மாதம் பூட்டிக்கிடந்த வீட்டின் சீட்டு எதையும் மெய்ப்பிக்காது. அப்போது அதே தளத்து அண்டை வீட்டாரிடம் பேசிப் பார்ப்பதே நல்லது.

வங்கி எடுக்கும் மதிப்பீட்டு அறிக்கையை நம்பி இந்த விசாரணையைக் கைவிடவும் வேண்டாம். அந்த அறிக்கை சொத்தின் சந்தை விலையையும் கட்டடத்தின் உறுதியையும் அறிவதற்காக எழுதப்படுவது. அதில் குடியிருப்பவரின் சௌகரியம் இடம்பெறாது.

செலவிடலாமா, எவ்வளவு?

நல்ல கூரைக்கும் சாளர நிழலுக்கும் கூடுதலாக 1 லட்சம் ரூபாய் செலவாகிறது என்று கொள்வோம். அது வீட்டுக் கடனில் சேர்ந்தால், 8.5 சதவீதத்தில் 20 ஆண்டுகளுக்கு மாதம் 868 ரூபாய் கூடும். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால், மாதச் சராசரியாக 124 யூனிட் மிச்சப்பட வேண்டும். நாகபுரியிலோ அகமதாபாத்திலோ உச்சித் தளத்தில் இரண்டு குளிர்சாதனக் கருவிகள் வைத்திருப்பவர் இதைச் செய்து பார்க்கலாம். பெங்களூரில் இடைத்தளத்து வீட்டுக்கு இதே செலவைச் செய்யுமாறு நாங்கள் சொல்லமாட்டோம். கணக்கில் மற்றொன்றையும் மறக்கலாகாது. வீட்டு மின்கட்டணம் படிநிலை முறையில் விதிக்கப்படுவதால், மிச்சப்படும் யூனிட் எப்போதும் உச்சப் படிநிலையிலிருந்தே குறைகிறது. சராசரி விகிதத்தை வைத்துப் போடும் கணக்கு மிச்சத்தைக் குறைத்தே காட்டும்.

இதைக் கட்டும்போதே செய்வது நல்லது என்பதற்கு வங்கிக் காரணமும் ஒன்றுண்டு. மனையில் சொந்தமாக வீடு கட்டுவோர் பொறியாளரின் செலவு மதிப்பீட்டில் வெப்பக்காப்பையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், அது வீட்டுக் கடனுக்குள் அடங்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரையும், 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும் வழங்கலாம். பிறகு தனிநபர் கடன் வாங்கிச் செய்தால் வட்டியும் கூடுதல், காலமும் குறைவு.

எல்லாவற்றையும் கடனில் செய்யவேண்டும் என்பதில்லை. சாதாரண மின்விசிறி 75 வாட் இழுக்கும். தூரிகையற்ற மின்னோடி கொண்ட புதிய வகை சுமார் 30 வாட்டில் ஓடும். நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடும் விசிறி ஒன்றுக்கு ஆண்டில் 197 யூனிட் மிச்சம். ஐந்து விசிறிகளுக்கு ஏறக்குறைய 985 யூனிட். 7 ரூபாய் விகிதத்தில் 6,900 ரூபாய். மேற்கூரை விசிறிகளுக்கு 2023 ஜனவரி 1 முதல் நட்சத்திர வில்லை கட்டாயமாகிவிட்டது. கட்டுநர் விசிறிகள் பொருத்தித் தருவதாகச் சொன்னால் எத்தனை நட்சத்திரம் என்று கேளுங்கள்.

நாகபுரிக் குடும்பம் என்ன செய்தது என்று வாசகர்கள் கேட்கலாம். தங்கள் செலவிலேயே மொட்டைமாடியில் வெப்பக்காப்பு போட முனைந்தார்கள். குடியிருப்போர் சங்கம் மறுத்தது. மொட்டைமாடி பொதுச்சொத்து, நீர்க்கசிவு வந்தால் யார் பொறுப்பு என்றது சங்கம். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. மனைவணிகச் சட்டத்தின் வரையறையிலும் மொட்டைமாடி பொதுப்பகுதியே. கடைசியில் உச்சித் தளத்து நான்கு வீட்டாரும் செலவைப் பகிர்ந்துகொண்டு, நீர்த்தடுப்புப் பணியையும் சேர்த்துச் செய்து, ஒப்பந்தக்காரரிடம் உத்தரவாதம் எழுதி வாங்கி, சங்கக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றிய பிறகே வேலை நடந்தது. அதற்குள் இரண்டாவது கோடையும் கடந்துவிட்டது. தவணைக் காலத்தை நீட்டிக்க வேண்டியிருக்கவில்லை. உச்சித் தளத்தில் வீடு வாங்குவோர் சங்கத்தின் நிலையை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அறிந்துகொள்வது நல்லது.

சூரியத் தகடுகள் உள்ள வீடு

2024 பிப்ரவரி 13 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டத்திற்குப் பிறகு, கூரையில் தகடுகளோடு விற்பனைக்கு வரும் வீடுகள் பெருகுகின்றன. 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும், மொத்தத்தில் 78,000 ரூபாய்க்கு மேற்படாமல் மானியம் கிடைக்கிறது. 3 கிலோவாட் வரையிலான அமைப்புக்கு 2 லட்சம் ரூபாய் வரை பொதுத்துறை வங்கிகள் ஈடின்றிக் கடன் தருகின்றன. குடியிருப்போர் சங்கங்கள் பொதுப் பயன்பாட்டிற்காக அமைத்தால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உண்டு. நிழல் விழாத கூரையில் ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும்.

அத்தகைய வீட்டை வாங்குவோர் பார்க்கவேண்டியவை பத்திரத்தில் இரா. தகடுகளுக்கான கடன் தீர்ந்துவிட்டதா, நிகர அளவி ஒப்பந்தம் எவர் பெயரில் உள்ளது, நிறுவியவரின் ஐந்தாண்டுப் பராமரிப்பு எதுவரை மீதமுள்ளது, தகடுகளுக்கும் மின்மாற்றிக் கருவிக்கும் உத்தரவாதச் சீட்டுகள் உள்ளனவா என்று கேளுங்கள். அடுக்ககமாயின், தகடுகள் நிற்கும் இடத்திற்குச் சங்கத்தின் எழுத்துமூல இசைவு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தகடுகள் வீட்டோடு சேர்த்து விற்கப்படுகின்றன என்ற ஒரு வரி கிரய ஒப்பந்தத்தில் இடம்பெறட்டும். பதிவு முடிந்த மறுநாள் விற்றவர் ஏணியோடு வந்து நின்ற கதைகளும் உண்டு.

விற்பவர் பக்கம்

வீட்டை மேம்படுத்திய செலவுகளுக்கான பட்டியல்களை விற்பவர் பத்திரப்படுத்தி வைத்திருப்பது அவருக்கே இருமடங்கு நன்மை. விலை பேசும்போது குறைந்த மின்கட்டணச் சீட்டுகளோடு அவற்றையும் எடுத்துவைத்தால், 'நல்ல வீடு' என்ற சொல்லுக்கு ஆதாரம் கிடைக்கிறது. வீட்டோடு நிலையாக இணைந்துவிட்ட கூரைக்காப்பு, மாற்றிய சாளரங்கள் போன்றவற்றின் செலவை மூலதன ஆதாயத்தைக் கணக்கிடும்போது மேம்பாட்டுச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்கும் வீட்டிற்கு நீண்டகால ஆதாய வரி இப்போது 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடாயின், இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் விலைவாசிக் குறியீட்டுச் சரிக்கட்டலுடன் 20 சதவீதம் என்ற பழைய முறையோடு ஒப்பிட்டு, எது குறைவோ அதைச் செலுத்தலாம். இரண்டு முறைகளிலும் மேம்பாட்டுச் செலவுக்குப் பட்டியல் வேண்டும். கழற்றி எடுத்துச் செல்லும் குளிர்சாதனக் கருவியை இதில் சேர்க்க முயலவேண்டாம். உங்கள் தணிக்கையாளரே அடித்துவிடுவார்.

கடைசியாக, பாக்கி. முந்தைய உரிமையாளர் செலுத்தாது விட்ட மின்கட்டணத்தை, மின்வழங்கல் விதிகள் அவ்வாறு கூறுமாயின், புதிய இணைப்புக் கோருபவரிடம் நிபந்தனையாக வசூலிக்க மின் நிறுவனத்திற்கு உரிமை உண்டு என்று 2023 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கி ஏலத்தில் சொத்து வாங்குவோரும் இதைக் கவனிக்கவேண்டும். 'உள்ளது உள்ளபடி' என்ற ஏல நிபந்தனைக்குள் இதுவும் அடங்கிவிடக்கூடும். ஆகவே பதிவு நாளன்று சாவியோடு சேர்த்துக் கடைசி மின்கட்டண ரசீதையும், பெயர் மாற்றத்திற்கான விண்ணப்பத்தில் விற்பவரின் கையொப்பத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைய மின் அளவியின் எண்ணைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால், அதுவரை ஓடியது எவர் கணக்கு என்ற பேச்சுக்கே இடமிராது.